வெங்காயத் தராசு

சனிக்கிழமை சாயங்காலம் கோப்லியின் வெங்காயக் கிடங்கில் இருந்தவர்கள்: தராசின் மேல், வெறும் உள்ளாடையில், லிப்ராதோ மோந்தானோ. தராசுக் கோலுக்கு முன்னால், தம்பியின் உடம்பைப் பார்க்காமல் கோலை மட்டும் பார்த்துக்கொண்டு, அவனுடைய அக்கா எர்மினியா. லாந்தரைத் தூக்கிப் பிடித்தபடி அவள் புருஷன் நிக்கானோர். சாவு வீட்டுக்குப் போடும் கறுப்புக் கோட்டில், ஈமச் சங்கத்தின் தலைவர் இலாரியோ. சுற்றிலும் கூரைவரை வெங்காய மூட்டைகள். முதலாளி கோப்லி இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவர் வரமாட்டார் என்பதால்தான் மற்றவர்கள் வந்திருந்தார்கள். எர்மினியா அந்தக் கிடங்கில் மூட்டை தைப்பவள். சாவி அவளிடம் இருக்கும்.

"மூச்சை வெளிய விடு மாப்ள," என்றான் நிக்கானோர். "காத்துக்கும் கனம் இருக்கு."

"நீங்க வாயை மூடினா கிடங்குல பாதிக் காத்து கொறையும் மச்சான். குளிருது. சீக்கிரம் பாருக்கா."

"எலி என்னம்மா சொல்லுது?" என்று இலாரியோ எட்டிப் பார்த்தார். அந்தத் தராசுக்கு அறுவடைக் காலத்தில் கூலியாட்கள் வைத்த பெயர் எலி.

எர்மினியா கோலில் இருந்த சின்னக் கல்லைக் கட்டைவிரலால் நகர்த்தினாள். கோல் ஆடியது. பிறகு நின்றது.

"நூத்தி இருபத்திரெண்டு. ஒரு ராத்தல் மிச்சம்."

நிக்கானோர் லாந்தரைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினான். இலாரியோ சிலுவை போட்டுக்கொண்டார். லிப்ராதோ இறங்கி, சட்டையைத் தேடாமல் அக்காவின் முகத்தைத்தான் பார்த்தான்.

"அப்ப ராத்திரி திங்கலாமா?"

"தின்னு. பீன்ஸ் வெந்துட்டிருக்கு."

மறுநாள் டென்வரில் மாகாணக் குஸ்திப் போட்டி. பணம் கிடையாது, பதக்கம் மட்டும். நூற்றிருபத்துமூன்று ராத்தலைத் தாண்டாதவர்களின் பிரிவில் லிப்ராதோவின் பெயர் இருந்தது. அந்தப் பெயரை அங்கே ஏற்ற ஒரு வருடம் ஆகியிருந்தது.

அவன் பள்ளிக்கூடத்தில் இரண்டு குளிர்காலம் பாய்மேல் குஸ்தி கற்றவன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. சர்க்கரை ஆலைக்குப் போகும் பீட்ரூட் வயல்கள் கூப்பிட்டன. குட்டைப் பிடி போட்ட களைக்கொத்தோடு, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை குனிந்தே நடக்கிற வேலை. குஸ்திக்காரனுக்கு முதலில் சொல்லித்தருவதே குனிந்து நில் என்பதைத்தான். லிப்ராதோவுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிமிர்வதுதான் அவனுக்குக் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெர்மன் பண்ணைக்காரர்களின் பிள்ளைகள் வந்து மோதிப் பார்த்தார்கள். தோற்றவன் அடுத்த வாரம் அண்ணனைக் கூட்டிவந்தான். அண்ணன் தோற்றால் பெரியப்பா மகனை. ஒரு கோடை முழுக்க ஒரே குடும்பத்தை வரிசையாக மண்ணைக் கவ்வ வைத்தான். தோற்றவர்கள் கை கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆனால் திங்கட்கிழமை அதே வயலில் அவனுக்குப் பெயர் கிடையாது, "ஏய் நீ" என்பார்கள்.

ஊருக்கு வரும் திருவிழாக் கூடாரத்தில் காசுக்குக் குஸ்தி போடக் கூப்பிட்டபோது மட்டும் அவன் போகவில்லை. ஒரு தடவை காசு வாங்கினால் பதக்கக் குஸ்தியில் பிறகு சேர்க்கமாட்டார்கள். நிக்கானோருக்கு இந்தச் சட்டம் கடைசிவரை புரியவில்லை.

"காசு வாங்காம அடி வாங்குறதுக்குப் பேரு என்ன மாப்ள?"

"கல்யாணம், மச்சான்."

போன வருடம் லிப்ராதோ தனியாக டென்வருக்குப் போனான். எந்தச் சங்கத்து ஆள் என்று கேட்டார்கள். சங்கம் இல்லை என்றான். சங்கம் இல்லாதவனுக்கு இடமில்லை என்று சந்துப்பக்கமாக வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் எர்மினியா தட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து சொன்னான். "பூட்டுற சத்தம் கேட்டுச்சுக்கா. நான் என்ன திருடவா போனேன்?"

அவள் தட்டைக் கழுவி முடித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு நேரே இலாரியோ வீட்டுக்குப் போனாள்.

அவர்கள் வாழ்ந்த கூலியாட்களின் குடியிருப்பில் இருந்தது ஒரே ஒரு சங்கம். மாதச் சந்தா கட்டினால் செத்த பிறகு பெட்டி, குழி, பூசை மூன்றும் உண்டு. ரப்பர் முத்திரையும் உண்டு. அவளுக்கு வேண்டியது அந்த முத்திரைதான்.

"குஸ்திக்கும் நமக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றார் இலாரியோ.

"ரெண்டுலயும் கடைசில ஆளை மல்லாக்கத்தானே படுக்க வைக்கிறாங்க ஐயா."

இலாரியோ சிரித்து அவள் பார்த்ததில்லை. அன்று சிரித்தார். முத்திரையை எடுத்து, ஊதி, அழுத்தினார். கொஞ்ச நாளில் டென்வரிலிருந்து பதில் வந்தது. இந்த ஒரு வருடம் உங்கள் சங்கத்தைச் சேர்த்துக்கொள்கிறோம். ஆள் வராமல் போனாலோ எடை தவறினாலோ இனிமேல் உங்கள் பெயரைச் சேர்க்கமாட்டோம். லிப்ராதோவுக்கு இருபத்தேழு வயது முடிந்திருந்தது. இன்னொரு முத்திரை தேடி இன்னொரு சுற்று வர அவன் இடுப்பு இடம் கொடுக்காது. எல்லாருக்கும் அது தெரியும்.

சனிக்கிழமை ராத்திரி லிப்ராதோ பீன்ஸ் தின்றான், சோள ரொட்டியோடு. ஒரு வாரமாக அரைவயிறாகக் கிடந்தவன். எர்மினியா இரண்டாவது தட்டும் வைத்தாள். காப்பியும் கொடுத்தாள்.

ஞாயிறு விடியுமுன்பே நிக்கானோரின் லாரியில் கிளம்பினார்கள். லாரி முழுக்க வெங்காய வாடை. இலாரியோவின் மடியில் சங்கத்தின் கொடி சுருட்டி இருந்தது. எதற்கு என்று கேட்டதற்கு, "ஜெயிச்சா பிடிக்கலாம், தோத்தா போத்தலாம்," என்றார். டென்வரில் இறங்கி நடக்கும்போது அவருடைய கோட்டைப் பார்த்துவிட்டு யாரோ ஒருவர் தொப்பியைக் கழற்றினார். இலாரியோ பழக்கதோஷத்தில் தலையசைத்து இரங்கலை ஏற்றுக்கொண்டார்.

போட்டி நடந்த உடற்பயிற்சிக் கழகத்தின் முன்வாசல் உறுப்பினர்களுக்கு. இவர்களைப் பார்த்ததும் படியில் நின்றவன் சந்துப் பக்கம் கையைக் காட்டினான். சந்தில், நிலக்கரி கொட்டும் தொட்டிக்குப் பக்கத்தில், தகரம் அடித்த ஒரு கதவு. செம்பட்டை மீசைக்காரன் ஒருவன் சாவிக்கொத்தோடு நின்றான். போன வருடமும் அவன்தான்.

"எட்டுலேருந்து பத்து வரைக்கும் எடை. பத்தாச்சுன்னா பூட்டிடுவேன்," என்றான். எர்மினியாவைப் பார்த்து, "பொம்பளைங்க வரக்கூடாது."

அவள் தம்பி, புருஷன் இருவரின் கோட்டுகளைக் கையில் வாங்கிக்கொண்டு சந்தில் நின்றாள். மார்ச் மாதக் குளிர். பழைய பனி ஓரத்தில் கறுத்துக் கிடந்தது. உள்ளே போன மூவரும் நினைத்ததைவிடச் சீக்கிரம் வெளியே வந்தார்கள். நிக்கானோர் முதலில் வந்தான்.

"நூத்தி இருபத்தஞ்சாம்!" சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினான். "ரெண்டு ராத்தல் கூடவாம்! நேத்து சாயங்காலம் நூத்தி இருபத்திரெண்டு. ஒரே ராத்திரில மூணு ராத்தல் பீன்ஸா தின்னான் இவன்?"

"ரெண்டு தட்டு," என்றான் லிப்ராதோ.

"ரெண்டு தட்டு மூணு ராத்தலாடா? தட்டையும் சேத்துத் தின்னியா?"

"சங்கத்தோட சார்புல ஒரு கண்டனம் எழுதிக் குடுக்கலாம்," என்றார் இலாரியோ. "முத்திரை எடுத்துட்டு வந்திருக்கேன்."

"எழுதிக் குடுத்து? அவங்க கட்டடம், அவங்க ஆளு, அவங்க தராசு. நம்மாளு மேல ஏறினா எடை தானா ஏறும் ஐயா."

லிப்ராதோ நிலக்கரித் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். அவசரமே இல்லாமல் கட்டினான். அதுதான் எர்மினியாவுக்குப் பயமாக இருந்தது. அவன் கோபப்பட்டால் சமாளிக்கலாம். இப்படி நிதானமாகிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

"வீட்டுக்குப் போலாம்," என்றான்.

"பத்து மணி வரைக்கும் வரலாம்னு சொன்னானேடா?"

"சொன்னான். திருட்டுத் தராசுல எத்தனை தடவை ஏறினா என்னக்கா? நான் ஒரு ராத்தல் எறக்கினா அவன் ரெண்டு ஏத்துவான். நான் அவங்களுக்கு வேடிக்கை காட்ட வரல."

"இதானே இவங்க பொழப்பு," என்றான் நிக்கானோர். "வெங்காயத்துல திருடுறவன் குஸ்தியில விட்டுடுவானா?"

எர்மினியா கோட்டுகளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். பாதியில் அப்படியே நின்றாள்.

"என்ன சொன்னீங்க?"

"வெங்காயத்துல திருடுறவன்..."

"எந்தத் தராசுல திருடுறான்?"

"எதுல? எலியிலதான். உனக்குத் தெரியாதா? தொங்குற கல்லுக்கு அடியில ஈயம் ஊத்தி வெச்சிருக்கான்னு நீதானே எனக்குச் சொன்ன? நூறு ராத்தல் ஏத்தினா தொண்ணூத்தெட்டுன்னு..." நிக்கானோர் நிறுத்தினான். வாய் மட்டும் திறந்தபடி இருந்தது.

தெரு முனையில் பால் வண்டி ஒன்று போயிற்று. குதிரையின் குளம்புச் சத்தம் மெல்ல அடங்கியது.

"நூறுக்கு ரெண்டு திங்கும்," என்றாள் எர்மினியா. "ஈரமான நாள்னா ரெண்டரை. நேத்து இவன் ஏறி நின்னது அது மேலதான். கல்லை மாட்டினது நான்தான்."

"ஆனா அது வெங்காயத்துக்குத்தானேம்மா..." என்று இலாரியோ ஆரம்பித்தார்.

"வெங்காயம் எது, மனுஷன் எதுன்னு எலிக்குத் தெரியுமா ஐயா?"

ஒவ்வொரு அறுவடையிலும் அந்தத் தராசைத் திட்டாத ஆள் குடியிருப்பில் கிடையாது. அதன்மேல் காறித் துப்பியவர்கள் உண்டு. எர்மினியாவே இரண்டு முறை கோப்லியிடம் சண்டை போட்டு ஒரு முறை வேலையை இழந்து மறுபடி சேர்ந்திருக்கிறாள். அப்படிப்பட்ட தராசு முதல்முறையாக அவர்களுக்குப் பிடித்த எண்ணைச் சொன்னது, உடனே நம்பிவிட்டார்கள். டென்வரில் ஒரு தராசு பிடிக்காத எண்ணைச் சொன்னது, உடனே திருட்டு என்றார்கள். வாழ்நாள் முழுக்க ஏமாற்றப்பட்டதில் இதுவும் ஒரு நஷ்டம். உண்மை எதிரே வந்து நின்றாலும் முகம் தெரிவதில்லை.

லிப்ராதோ பூட்ஸ் கயிற்றை விட்டுவிட்டான்.

"அப்ப இவங்க தராசு சரியா?"

"சரிதான்."

"நெசமாவே நான் ரெண்டு ராத்தல் கூட இருக்கேன்?"

"இருக்க. அதுல பாதி நான் போட்ட பீன்ஸ்."

அவன் அவளைப் பார்த்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தாள். அவன் எழுந்து நின்றான்.

"அப்ப எறக்கிடலாம்கா. ரெண்டு ராத்தல்னா உடம்புதானே, எறக்கலாம். திருட்டுன்னாத்தான் எறக்க முடியாது." மீசைக்காரனிடம் போய் ஆங்கிலத்தில் கேட்டான். "நேரம் என்ன?"

"எட்டரை."

"திரும்பி வருவேன்."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க," என்றான் மீசைக்காரன்.

வியர்க்க வேண்டும், நிறைய வியர்க்க வேண்டும், அந்தக் குளிரில். நிக்கானோர் லாரியின் இன்ஜினைச் சூடாக்கி அதன் மேல் உட்காரவைக்கலாம் என்றான். "ஆளை எறக்கச் சொன்னா வறுக்கச் சொல்றீங்களே," என்றாள் எர்மினியா. இலாரியோதான் மசெதோனியோவின் பெயரைச் சொன்னார். இரண்டு தெரு தள்ளி ரொட்டிக்கடை வைத்திருப்பவன். ஞாயிறு காலை அடுப்பு எரியும். சங்கத்துக்கு ஒழுங்காகச் சந்தா கட்டுகிற ஆள்.

மசெதோனியோ முழங்கைவரை மாவோடு பின்கட்டிலிருந்து வந்தான். இலாரியோவின் கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் தொப்பியை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டான்.

"யாரு ஐயா போயிட்டாங்க?"

"இன்னும் யாரும் போகல. ஒரு ஆளை உருக்கணும்."

விஷயத்தைச் சொன்னதும் மசெதோனியோ தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டான். "உசுரோட இருக்கறப்பவும் சங்கம் உதவி கேக்கும்னு யாரும் எனக்குச் சொல்லலையே," என்றான். ஆனால் அதற்குள் அடுப்பறைக் கதவை முழங்காலால் தள்ளித் திறந்திருந்தான்.

செங்கல் அடுப்பு ஒரு சுவர் முழுக்க இருந்தது. உள்ளே போனதுமே எர்மினியாவின் கழுத்தில் வியர்த்தது. லிப்ராதோவுக்கு இரண்டு கம்பளிச் சட்டை, நிக்கானோரின் மேல்கோட்டு, அதற்கு மேல் கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை போட்ட ஒரு மாவுச் சாக்கு. இன்னும் ஒன்று வேண்டும் என்று நிக்கானோர் சொன்னபோது எல்லாரும் இலாரியோவைப் பார்த்தார்கள்.

"இது சாவுக் கோட்டு," என்றார் இலாரியோ.

"கனமான கம்பளி," என்றாள் எர்மினியா.

அவர் கழற்றிக் கொடுத்தார். உள்ளே அவர் சட்டையில் முழங்கைக்குக் கீழே துணியே இல்லை. கோட்டுக்கு வெளியே தெரியும் மணிக்கட்டுப் பட்டி மட்டும் தனியாக, கஞ்சி போட்டு விறைப்பாக இருந்தது. யாரும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார்கள். லிப்ராதோ அடுப்பின் வாய்க்கு முன்னால் கயிறு தாண்ட ஆரம்பித்தான். மசெதோனியோ அவனைச் சுற்றிக்கொண்டு தட்டுகளை வெளியே எடுத்தான். சர்க்கரை தூவிய ரொட்டிகள், சங்கு மாதிரி வரி போட்டவை, ஒவ்வொரு தட்டாக லிப்ராதோவின் மூக்கைத் தாண்டிப் போயின.

"அண்ணே, அந்தப் பக்கமா கொண்டுபோகக் கூடாதா?" என்றான் லிப்ராதோ, மூச்சு வாங்கிக்கொண்டு.

"வழி ஒண்ணுதான் தம்பி. கண்ணை மூடிக்க."

"மூக்கை என்ன பண்ண?"

"மாப்ள, பேசாத, தாண்டு," என்ற நிக்கானோரின் வாயில் ஏற்கெனவே ஒரு ரொட்டி இருந்தது. எர்மினியா அதைப் பிடுங்கித் தட்டில் வைத்தாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. லிப்ராதோவின் உடம்பு காய்ந்த உடம்பு, கொடுக்க மனமில்லாத உடம்பு. பிறகு நெற்றியில் பொட்டுப் பொட்டாக வந்தது. பிறகு மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. பிறகு சாக்கில் கறுப்பாக ஈரம் படர்ந்தது. கயிறு தரையில் அடிக்கும் சத்தம் சீராகக் கேட்டது. எர்மினியா சுவரோரம் நின்று பார்த்தாள். அவளால் அவனுக்காக வியர்க்க முடியாது. அவள் செய்யக்கூடியது நேற்று ராத்திரியே முடிந்துவிட்டது, அதையும் தப்பாகச் செய்திருந்தாள். அதைப் பற்றி அழுதால் அந்த ஈரத்தால் அவன் எடை குறையப்போவதில்லை. ஆகவே வாளியையும் துண்டையும் எடுத்துக்கொண்டு போய் அவன் முகத்தைத் துடைத்தாள்.

கடையின் மூலையில் மாவு நிறுக்கும் மேடைத் தராசு இருந்தது. நிக்கானோர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். குனிந்து எடைக்கல்லின் அடியைத் தடவினான்.

"என்னய்யா தேடுற?" என்றான் மசெதோனியோ.

"ஈயம்."

"இங்க இருக்காது. நான் மாவு விக்கிறவன் இல்ல, வாங்குறவன். என் தராசு கம்மியாக் காட்டினா ஆலைக்காரன் சண்டைக்கு வருவான், கூடக் காட்டினா எனக்கு நஷ்டம். அதனால சரியாக் காட்டும். யோக்கியம் எல்லாம் ஒண்ணும் இல்ல."

அன்று காலையில் எர்மினியாவுக்கு இதைவிட ஆறுதலான பேச்சு எதுவும் கிடைக்கவில்லை.

லிப்ராதோவை உரித்துத் துடைத்து ஏற்றினார்கள். எர்மினியா திரும்பி நின்றுகொண்டாள். கோலைப் பார்த்தது மசெதோனியோ.

"நூத்தி இருபத்துமூணரை."

"அரை ராத்தல்," என்றான் நிக்கானோர். "மணி?"

"ஒம்பதரை தாண்டியாச்சு."

லிப்ராதோவின் உதடு வெளுத்திருந்தது. மறுபடியும் சாக்கை மாட்டிக்கொண்டான். இந்த முறை கயிறு காலில் இடறியது. எடுத்து மறுபடி தாண்டினான். மறுபடியும் இடறியது. வியர்வை நின்றுபோயிருந்தது. உடம்பில் இனிமேல் கொடுக்க ஒன்றும் இல்லை என்று தோலே சொன்னது. நிக்கானோர்கூடப் பேச்சை நிறுத்திவிட்டான். அவன் பேச்சை நிறுத்தியதால்தான் எர்மினியாவுக்கு நிலைமை உறைத்தது.

மசெதோனியோ ஒரு ஜாடியைத் திறந்து உள்ளங்கையில் கொட்டினான். குன்றிமணி அளவு சிவப்பு மிளகாய்.

"மென்னு. முழுங்காத. துப்பு."

லிப்ராதோ மென்றான். கண்ணிலிருந்து கொட்டியது, மூக்கிலிருந்து கொட்டியது, வாயிலிருந்து நூல் நூலாகத் தகர டப்பாவில் இறங்கியது. வறண்டுபோன தோலில்கூடப் புதிதாக ஈரம் கிளம்பியது.

"எப்படி இருக்கு மாப்ள?" என்றான் நிக்கானோர்.

"எங்கக்கா சமையல் மாதிரி இருக்கு," என்றான் லிப்ராதோ, துப்பிவிட்டு.

நிக்கானோர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "இருக்கான்! ஆளு இன்னும் இருக்கான்!"

மறுபடி தராசு. இந்த முறை எர்மினியா திரும்பி நிற்கவில்லை. துண்டைத் தம்பியின் இடுப்பில் மறைப்பாகப் பிடித்துக்கொண்டு கோலையே பார்த்தாள். கோல் மேலே போனது, கீழே வந்தது, நடுவில் நின்றது.

"நூத்தி இருபத்துமூணு," என்றான் மசெதோனியோ. "துண்டு தட்டுல படுது பாரு, அதை எடும்மா."

அவள் துண்டை எடுத்தாள். கோலின் நுனி மயிரிழை அளவு தாழ்ந்தது.

"கொஞ்சம் கம்மி," என்றான். "கொஞ்சம்தான். ஒரு வாய் தண்ணி குடிச்சாலும் போச்சு. இந்தப் பயலைக் கோப்லிகிட்டக் கூட்டிட்டுப் போங்க. எலி மேல நிறுத்தி அவன் கண்ணு முன்னாலயே காட்டுங்க. இதைவிட நல்ல எடைக்கல்லு கெடைக்காது."

"நாளைக்கு," என்றாள் எர்மினியா. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. "இன்னைக்கு ஓடு."

ஓடினார்கள். லிப்ராதோ முன்னால், நிக்கானோர் பின்னால், கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிழிந்த சட்டையோடு இலாரியோ. எர்மினியா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நால்வரில் இரண்டாவதாக ஓடினாள். கோவிலுக்குப் போகும் ஒரு குடும்பம் நடைபாதையை விட்டு இறங்கி வழி விட்டது. எங்கோ மணி அடிக்க ஆரம்பித்தது. பத்து மணியா, பூசை மணியா என்று தெரியவில்லை. எண்ணிப் பார்க்க யாருக்கும் மூச்சு இல்லை.

மீசைக்காரன் கதவின் ஒரு பாதியைச் சாத்தியிருந்தான். ஒரு கையில் கடிகாரம், இன்னொரு கையில் சாவி. சந்துக்குள் ஓடி வந்தவர்களைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தான். மறுபடியும் அவர்களைப் பார்த்தான்.

"மறுபடியும் நீயா," என்றான்.

"சொன்னேனே," என்றான் லிப்ராதோ.

"எந்தச் சங்கம்?" தெரியாமல் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று கேட்டான்.

இலாரியோ மூச்சிரைத்துக்கொண்டு கொடியை விரித்துக் காட்டினார். கறுப்புத் துணியில் வெள்ளிச் சரிகையில் தையல், நடுவில் ஒரு சிலுவை. மீசைக்காரன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். மீசைக்கு அடியில் ஏதோ அசைந்தது. "சரி. ஆள் மட்டும். மத்தவங்க சாயங்காலம் முன்வாசல் வழியா வாங்க. வேடிக்கை பாக்க டிக்கெட் உண்டு."

"முன்வாசலா?" என்றான் நிக்கானோர்.

"டிக்கெட் இருந்தா முன்வாசல்தான்."

லிப்ராதோ கழுத்தில் கைவிட்டு, ஞானஸ்நானத்தன்று போட்ட சின்னப் பதக்கத்தைக் கயிற்றோடு கழற்றினான். அதற்கு எடையே கிடையாது. இருந்தும் அக்காவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான். அவன் கை மிளகாய் நாறியது.

"சாயங்காலம் போட்டுக்கறேன்," என்றான். "பீன்ஸ் மிச்சம் இருக்கா?"

"பானையோட லாரியில இருக்கு. போடா."

அவன் குனிந்து, வயலில் நடக்கிற அதே நடையில், உள்ளே போனான். மீசைக்காரன் அவன் பின்னாலேயே போய்க் கதவை இழுத்தான். தகரம் நிலையில் உரசியது. பிறகு சாவி இரண்டு சுற்றுத் திரும்பிப் பூட்டு விழுந்தது. எர்மினியா அந்தச் சத்தத்தை முழுவதுமாகக் கேட்டாள். தம்பி உள்ளே இருந்தான்.